படகுப் போட்டியைப் பற்றிய மலையாளப் படத்தை மதுரையில் எப்படி அறிமுகம் செய்வது?

கேள்வி: மேலமாசி வாசகர்

அனைவருக்கும் வணக்கம்.

மதுரையில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, பழைய தென்னிந்தியப் படம் ஒன்றைப் பார்த்து, முடிந்த பிறகு அதைப் பற்றி விரிவாகப் பேசுவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். அடுத்த கூடுகைக்கு 1967-இல் வெளிவந்த 'காவாலம் சுண்டன்' என்ற மலையாளப் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். ஜே. சசிகுமார் இயக்கத்தில் சத்யனும் சாரதாவும் நடித்த படம் அது. கேரளத்தின் ஆலப்புழைப் பக்கத்துக் குட்டநாட்டு ஊர்களின் வள்ளங்களிதான், அதாவது ஓணத்தை ஒட்டித் தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் அந்த நீண்ட ஓடங்களின் போட்டிதான், அதன் களம்.

படத்துக்கு முன்பு பத்து நிமிடம் அறிமுக உரை நிகழ்த்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டிப் பக்கங்களிலும் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் அறிந்த ஆறு வைகை. ஆண்டில் பல மாதங்கள் மணலாகக் கிடக்கும் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஓர் ஊரின் மானம் ஓர் ஓடத்தில் ஏறி அமர்ந்திருக்கிறது என்பதை எப்படி உணர்த்துவது என்று புரியவில்லை. குழுவின் மூத்தவர் ஒருவர், "கேரளத்தின் ஜல்லிக்கட்டு என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள், எல்லோருக்கும் விளங்கிவிடும்" என்கிறார். அந்த வரி பார்வையாளர்களை உடனே படத்துக்குள் இழுத்துவிடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் அவர்கள் படம் முழுவதும் போட்டி எப்போது வரும் என்று காத்திருப்பார்களோ, அதற்கு முன்னால் நடக்கும் அனைத்தையும் முன்னோட்டமாக எண்ணித் தள்ளிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

வள்ளங்களியை நேரில் கண்டவர்களும் அந்தக் காலத்து மலையாளப் படங்களை நன்கு அறிந்தவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன். உறுப்பினர்கள் சிலர் இத்தளத்தை வாசிப்பவர்கள் என்பதால், படத்தின் கதையை மட்டும் யாரும் இங்கே சொல்லிவிட வேண்டாம்.

மறுமொழி: திருமங்கலம் பொறியாளர்

ஐயா அவர்களுக்கு வணக்கம். பணியின் பொருட்டுப் பல ஆண்டுகள் ஆலப்புழையில் குடியிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அச்சம் நியாயமானது. அந்த ஒற்றை வரி அறிமுகத்தைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

வாடிவாசலில் நம் கண் ஒரு காளையின் மீதும் அதன் திமிலைப் பற்ற முனையும் ஒரு வீரர் மீதும் நிற்கிறது. பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் பரிசு அறிவிக்கப்படும்போது, சிறந்த காளைக்கு உரியவர், சிறந்த மாடுபிடி வீரர் என்று தனி ஆட்களின் பெயர்களே ஒலிபெருக்கியில் கேட்கின்றன. சுண்டன் என்று அழைக்கப்படும் அந்தப் போட்டி வள்ளத்தில் அப்படித் தனித்து நிற்க யாருக்கும் இடமில்லை. 100 அடிக்கும் மேல் நீளமுள்ள, சில வேளைகளில் 130 அடியையும் கடக்கும் அந்த ஓடத்தில் ஏறத்தாழ நூறு பேர், இருவர் இருவராக நெருங்கி அமர்ந்து துடுப்புப் போடுகிறார்கள். அவர்களுள் மிகுந்த உடல்வலிமை கொண்ட ஒருவர் மற்றவர்களைவிடச் சற்று முந்தித் துடுப்பை நீரில் இறக்கினால், அவருடைய வலிமையே ஓடத்துக்குத் தடையாகிவிடும். முன்னால் இருப்பவரின் துடுப்போடு அவருடைய துடுப்பு மோதும். அவருக்குப் பின்னால் இருக்கும் அனைவரும் தாளம் தவறுவார்கள்.

பார்வையாளர்களுக்கு ஓடத்தின் அமைப்பை முதலில் விளக்கிவிடுங்கள். ஒரு படம் வரைந்து காட்டினாலும் நல்லது. முன்புறத்தில் அணியம் கூர்மையாக நீண்டு நீரை ஒட்டியே செல்லும். பின்புறத்தில் அமரம் ஏறத்தாழ 20 அடி உயரத்துக்கு மேலெழுந்து வளைந்து நிற்கும். அங்கே நீளமான துடுப்புகளுடன் நிற்கும் அமரக்காரர்கள்தான் ஓடத்தின் திசையைக் காப்பவர்கள். அவர்கள் தடுமாறினால் பக்கத்து ஓடத்தின் பாதையில் புகுந்து அதுவரை பட்ட பாடு முழுவதும் வீணாகிவிடும். ஓடத்தின் நடுவே நிற்கும் நிலைக்காரர்கள் பலகையின் மீது கட்டையால் இடித்துத் தாளத்தைக் கொடுக்கிறார்கள், பாடுகிறார்கள், துடுப்புப் போடுபவர்களை ஊக்குகிறார்கள். அமர்ந்திருப்பவர்களுக்கு எதிரி ஓடம் எங்கே வருகிறது என்று திரும்பிப் பார்க்க நேரம் கிடையாது. அவர்கள் அறிந்தது அந்த இடியோசையும் தமக்கு முன்னால் இருப்பவரின் முதுகும்தான்.

இனி, உங்கள் உரையில் மிகுந்த நேரம் ஒதுக்க வேண்டியதாக நான் கருதுவது உரிமை பற்றிய செய்தி. ஆஞ்ஞிலி என்று அங்கே அழைக்கப்படும் அயினி மரத்தில், அதற்கென்றே தொழில் கற்ற ஆசாரிமார் அமைக்கும் சுண்டனுக்குப் பெரும் பணம் தேவைப்படும். முன்பு செல்வாக்குள்ள குடும்பங்கள் வள்ளம் வைத்திருந்தன. பின்னர் பல ஊர்களில் கரைக்காரர்கள், அதாவது ஊர்மக்கள், கூடிப் பங்குப்பணம் சேர்த்துப் பொதுவில் வள்ளம் வாங்கினார்கள். எவ்வாறாயினும் ஓடம் ஊரின் பெயரையே தாங்கி நிற்கும். போட்டிக் காலம் முடிந்ததும் அதைக் கரையேற்றி, கூரை வேய்ந்த கொட்டகையில் வைத்து, மீன் எண்ணெய் பூசிப் பேணுகிறார்கள். அதற்கு ஆகும் செலவை யார் கொடுப்பது, வெள்ளோட்டத்தில் யாருக்கு முதல் மரியாதை, அமரத்தில் நிற்கும் உரிமை யாருடைய பிள்ளைக்கு, நிலைக்காரராக யாரை நிறுத்துவது என்ற கேள்விகள் எழும்போதுதான் ஊருக்குள் இருக்கும் பழைய பகையும் உறவும் மேலே வருகின்றன. நம் பக்கத்தில் கோயில் திருவிழாவுக்கு முன்பு கரைகாரர்கள் கூடி வரி பிரிப்பதையும், பரிவட்டம் யாருக்கு என்பதில் ஓர் ஊரே இரண்டாகி நிற்பதையும் கண்டவர்களுக்கு இது நன்றாக விளங்கும். ஒப்புமை தேவையென்றால் அங்கிருந்து எடுங்கள்.

போட்டி எவ்வளவு குறுகியது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் நடக்கும் நேரு கோப்பைப் போட்டியின் 2024-ஆம் ஆண்டு இறுதி ஓட்டத்தில், காரிச்சால் சுண்டன் 4 நிமிடம் 29.785 நொடியில் வந்தது. வீயபுரம் சுண்டன் 4 நிமிடம் 29.790 நொடியில் வந்தது. மாதக்கணக்கில் பாடுபட்ட இரண்டு ஓடங்களை ஐந்து நிமிடத்துக்கும் குறைவான ஓட்டத்தில் பிரித்தது ஒரு நொடியின் இருநூற்றில் ஒரு பங்கு. ஆகவே வள்ளங்களியை வைத்துக் கதை சொல்லும் எவரும் கரையில் நடப்பதைத்தான் சொல்லியாக வேண்டும். உங்கள் நண்பர்களிடம் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி: பழைய பாடல் நேயர்

திருமங்கலம் ஐயா ஓடத்தைப் பற்றி மிகத் தெளிவாக எழுதிவிட்டார்கள். நான் பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். அதை விட்டுவிட்டால் இந்தப் படத்தின் அறிமுகம் நிறைவு பெறாது என்பது என் உறுதியான எண்ணம்.

படத்தில் வயலார் ராமவர்மா எழுதி, ஜி. தேவராஜன் இசையமைத்து, கே. ஜே. யேசுதாஸ் குழுவினரோடு பாடிய ஓடப்பாட்டு ஒன்று இருக்கிறது. வெளிவந்து அரை நூற்றாண்டு கடந்த பிறகும், படத்தைப் பார்த்திராத தலைமுறையினர் ஓணக் காலத்தில் அதைப் பாடுகிறார்கள். பலர் அதை நாட்டார் பாடல் என்றே நம்புகிறார்கள். தனக்கு முன்பிருந்த மரபை அது அவ்வளவு நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறது. வயலார் ஆலப்புழை மாவட்டத்தில் தம் பெயரிலேயே உள்ள ஊரில் பிறந்தவர். இயக்குநர் சசிகுமாரும் ஆலப்புழைக்காரர். அவர்கள் தாங்கள் வளர்ந்த நீர்க்கரையின் ஓசையைத்தான் படத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

அந்த மரபுக்கு வஞ்சிப்பாட்டு என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் ராமபுரத்து வாரியர் இயற்றிய குசேலவிருத்தம் அதில் தலைசிறந்தது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவோடு ஓடத்தில் பயணம் செய்தபோது வாரியர் அதைப் பாடினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவலை முடிந்துகொண்டு துவாரகைக்குப் போன குசேலரின் கதை நம் வீடுகளிலும் தெரிந்ததே. ஆகவே உங்கள் பார்வையாளர்களுக்கு அந்தப் பாடல் அந்நியமாக இருக்காது. ஒருவர் அடியை எடுத்துக் கொடுக்க, துடுப்புப் போடுபவர்கள் அதைத் திருப்பிப் பாட, இடையிடையே பொருள் எதுவும் இல்லாத தாளச் சொற்கள் வந்து விழும். அந்தச் சொற்களின் அழுத்தம் விழும் இடத்தில்தான் துடுப்பு நீரில் இறங்குகிறது. நூறு பேரையும் ஒரே நொடியில் குனிய வைப்பது பாட்டுதான். இன்றைய போட்டிகளின் இறுதிக் கட்டத்தில் பாட்டைவிட விசிலும் இடியோசையுமே மேலோங்கி நிற்கின்றன என்பது எனக்கு வருத்தம் தரும் மாற்றம். ஆனால் கோயில் வள்ளங்களி நடக்கும் ஆறன்முளையில் பாட்டு இன்னும் தன் முழு மதிப்போடு இருக்கிறது.

ஏற்றம் இறைத்த காலத்தில் நம் கிணற்றடிகளிலும் இவ்வாறே பாடினார்கள். மேலே நடப்பவருக்கும் கீழே சால் பிடிப்பவருக்கும் இடையே பாட்டுதான் உழைப்பை ஒழுங்கு செய்தது; எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கையும் பாட்டே வைத்திருந்தது. உங்கள் கூட்டத்தில் எழுபது வயதைக் கடந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஓரிரு அடிகள் நினைவிருக்கக் கூடும். அவர்களைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு ஒரு மரபான வஞ்சிப்பாட்டின் ஒலிப்பதிவை இரண்டு நிமிடம் ஒலிக்கச் செய்யுங்கள். படத்தில் வரும் பாடலை மட்டும் முன்கூட்டியே போட வேண்டாம். அது தன் இடத்தில் வந்து ஒலிக்கட்டும்.

மறுமொழி: சோழவந்தான் உழவர்

மூவருக்கும் வணக்கம். ஓர் இடத்தில் மட்டும் திருமங்கலம் அண்ணனிடமிருந்து நான் வேறுபடுகிறேன். ஜல்லிக்கட்டில் தனி ஆளே முதன்மை என்பது பரிசு வாங்கும் காளைகளுக்குப் பொருந்தும்; கோயில் காளைக்குப் பொருந்தாது. ஒவ்வோர் ஊரிலும் முதலில் அவிழ்த்துவிடப்படுவது கோயில் காளை. அதை யாரும் அணைவதில்லை. அது எந்த ஒரு வீட்டுக்கும் உரியதன்று, ஊர்ப்பொது. அது இறந்தால் ஊரே கூடி மாலை போட்டு அடக்கம் செய்கிறது. காவாலம் என்ற ஊரின் மக்களுக்குத் தம் வள்ளத்தின் மீது என்ன உணர்வு இருக்கும் என்று கேட்டால், கோயில் காளையைச் சுட்டிக்காட்டி விளக்கலாம். மூத்தவரின் சொல்லை முழுவதும் தள்ளிவிடாமல் இப்படி ஒழுங்கு செய்துகொண்டால் அவர் மனமும் கோணாது.

நான் சொல்ல வந்தது வேளாண்மை பற்றி. குட்டநாட்டின் வயல்களில் பல கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் நீர் வேம்பநாட்டுக் காயலில் கலக்கிறது. அந்த நீரிலிருந்து வரப்பு எழுப்பிப் பிரித்தெடுத்த நிலம் அது. மழைக்காலம் முழுவதும் வயல் நீருக்குள் கிடக்கும். பிறகு உள்ளே நிற்கும் நீரை வெளியேற்றி, ஐப்பசி, கார்த்திகை வாக்கில் விதைத்து, கோடை மழைக்கு முன் அறுத்துவிட வேண்டும். பழங்காலத்தில் காலால் மிதிக்கும் சக்கரம் வைத்து இரவும் பகலும் நீரை இறைத்தார்கள். கடல் மட்டத்துக்குக் கீழே நடக்கும் இந்த வேளாண்மையை 2013-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த மரபாக அறிவித்தது.

இங்கே நிலைமை நேர் எதிரானது. நாங்கள் ஜூன் மாதத்தில் அணை திறக்கும் அறிவிப்புக்காகக் காத்திருக்கிறோம். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இரண்டு போகம் விளையும் நிலத்துக்கு, 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையின் நீர் வந்தால்தான் நாற்றங்கால் போட முடியும். நாம் நீர் வரும் நாளைக் கொண்டாடுகிறோம். அவர்கள் நீர் நிறைந்து வயல் வேலை நின்றுபோன நாட்களில், அந்த நீரின் மீதே கொண்டாடுகிறார்கள். வள்ளங்களி ஆனி முதல் ஆவணி, புரட்டாசி வரை நடப்பதற்கு அதுதான் காரணம். சேற்றில் இறங்கி வரப்புக் கட்டிய கைகள்தாம் அந்த மாதங்களில் துடுப்பையும் பிடித்தன.

1967 என்ற ஆண்டையும் கவனியுங்கள். கேரளத்தில் குத்தகைதாரருக்கு நிலத்தை உரிமையாக்கிய சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1970 ஜனவரி 1-இல். இந்தப் படம் அதற்கு முன்பு வந்தது. ஓடத்தில் அமர்ந்து துடுப்புப் போட்டவர்களில் பலருக்கு, அவர்கள் உழுத மண் சொந்தமில்லை. ஆனாலும் ஊரின் ஓடம் வென்றால் அந்தப் பெருமையில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. நிலத்தில் கிடைக்காத பங்கு ஓடத்தில் கிடைத்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அவர்கள் ஏன் அவ்வளவு உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டார்கள் என்பது புரியும். கூலி உழைப்பை அறிந்த நம் மாவட்டத்து மக்களிடம் இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

மேலமாசி வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோயில் காளை பற்றிய விளக்கத்தை மூத்தவரிடம் சொன்னேன். அவர் மிகவும் மகிழ்ந்து, உரையின் அந்தப் பகுதியைத் தாமே பேசுவதாக ஏற்றுக்கொண்டார்.

இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. வள்ளங்களி என்பது கோயில் வழிபாட்டின் பகுதியா, அரசு நடத்தும் விளையாட்டுப் போட்டியா? நேரு கோப்பை என்ற பெயரையும் ஆறன்முளை என்ற பெயரையும் சேர்த்துக் கேட்கும்போது எங்கள் நண்பர்களுக்குக் குழப்பம் வரும் என்று தோன்றுகிறது. காவாலம் சுண்டன் என்று உண்மையில் ஓர் ஓடம் உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: திருமங்கலம் பொறியாளர்

சோழவந்தான் தம்பியின் திருத்தத்தை முழு மனத்தோடு ஏற்கிறேன். நிலம் பற்றி அவர் எழுதிய பகுதி உங்கள் உரையின் நடுவில் வர வேண்டும்.

உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். இரண்டும் உண்டு, ஒன்றையொன்று ஒட்டியே வளர்ந்திருக்கின்றன. செம்பகசேரி அரசர் காயங்குளத்தாரோடு போரிட இத்தகைய ஓடங்களை அமைக்கச் செய்தார் என்பது அங்கே வழங்கும் வரலாறு. சம்பக்குளத்தில் மிதுன மாதத்து மூல நாளில் நடக்கும் வள்ளங்களி, அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயிலில் திருவுருவம் நிறுவப்பட்டதன் நினைவாகக் கொண்டாடப்படுகிறது. ஆண்டின் போட்டிக் காலம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆறன்முளையில் பார்த்தசாரதி கோயிலுக்கு உரிய ஓடங்களைப் பள்ளியோடம் என்பார்கள். செருப்புக் காலோடு அதில் ஏறுவதில்லை. அங்கே வேகத்தைவிட வழிபாடும் பாட்டுமே முதன்மை பெறுகின்றன.

நேரு கோப்பையின் தொடக்கம் 1952. குட்டநாட்டுக்கு வந்த பிரதமர் நேருவுக்காக ஒரு போட்டி நடத்தினார்கள். நடுபாகம் சுண்டன் வென்றபோது அவர் மகிழ்ச்சி தாங்காமல் அந்த ஓடத்திலேயே ஏறிவிட்டார். தில்லி திரும்பிய பிறகு சுண்டன் வடிவில் செய்த வெள்ளிக் கோப்பையை அனுப்பிவைத்தார். அந்தக் கோப்பைக்காகத்தான் இன்றும் போட்டியிடுகிறார்கள். இப்போது ஓடம் ஓர் ஊருக்கு உரியதாக இருக்கும், அதில் துடுப்புப் போடுவது வேறோர் ஊரின் படகுக் குழுவாக இருக்கும். வெளி மாநிலங்களிலிருந்தும் வீரர்களை அழைத்துவந்து வாரக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறார்கள். 2019 முதல் தொடர் போட்டியாகவும் நடத்துகிறார்கள். இதனால் ஓட்டத்தின் தரம் உயர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் ஊர்க்காரர் ஊர் ஓடத்தில் ஏறிய காலத்தின் இறுக்கத்தைக் காண நமக்கு 1967-இன் படம் போன்ற ஆவணங்கள் தேவைப்படுகின்றன. உங்கள் தேர்வை நான் பாராட்டுவதற்கு அதுவே முதல் காரணம்.

காவாலம் சுண்டன் உண்மையான ஓடம். 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் நேரு கோப்பையைப் பலமுறை வென்றது. காவாலம் பம்பையாற்றங்கரை ஊர். கவிஞர் ஐயப்ப பணிக்கரும் நாடகாசிரியர் காவாலம் நாராயண பணிக்கரும் பிறந்த மண். அன்றைய பார்வையாளர்கள் திரையரங்கில் அந்தப் பெயரைப் படித்தபோது, தாங்கள் கரையில் நின்று கண்ட ஓடத்தைத்தான் நினைத்திருப்பார்கள்.

படம் பார்த்த பிறகு உங்கள் நண்பர்கள் நேரில் போக விரும்பினால், நேரு கோப்பைக்குப் போவதைவிடச் சம்பக்குளத்துக்குப் போகச் சொல்வேன். கூட்டம் அவ்வளவு நெருக்கமாக இராது. ஆறு குறுகலானது என்பதால் ஓடங்களை மிக அருகில் பார்க்கலாம். தேனி, கம்பம், குமுளி வழியாகக் கோட்டயம் சென்று, அங்கிருந்து சங்கனாச்சேரிக்குப் போனால், ஆலப்புழைக்குச் செல்லும் சாலை குட்டநாட்டின் நடுவே செல்கிறது. நெடுமுடியில் இறங்கினால் சம்பக்குளம் அருகில்தான். மிதுன மாதத்து மூலம் ஆனி மாதத்தில் வரும். பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளை உறுதி செய்துகொண்டு, முதல் நாள் மாலையே ஆலப்புழையில் தங்குவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். மழை நிச்சயம் இருக்கும்.